பெஞ்சில் ஓர் இடம்

யூதர்களுக்குள் ஒரு பழைய விதி உண்டு. சபையாகக் கூடிப் பிரார்த்தனை செய்ய வேண்டுமானால், வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும். ஒன்பது பேர் போதாது. அந்த ஒன்பது பேரும் மகா பண்டிதர்களாக இருந்தாலும் சரி, சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது. வேதச் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசிக்க முடியாது. பத்தாவது மனிதர் எழுத்து வாசனை அறியாத மீன் வியாபாரியாக இருக்கலாம். அவர் வந்து உட்கார்ந்தால்தான் சபை நிறையும். இந்தப் பத்துப் பேர்க் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர்.

நமக்கு இது அவ்வளவு புதிய விஷயம் இல்லை. தேர் வடத்தைத் தனி ஒருவன் பிடித்து இழுத்துவிட முடியுமா? ஊர் கூட வேண்டும். யார் கை பெரிய கை, யார் கை சின்னக் கை என்று தேர் பார்ப்பதில்லை. ஆனால் வடம் பிடிக்க யார் வரலாம், யார் வரக் கூடாது என்று ஊர் பார்த்தது. பல ஊர்களில் வெகு காலம் பார்த்தது. யூதர்களின் கதையிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு என்று தெரிந்தபோதுதான், நான் சொல்லப்போகிற மனிதரின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு ஏற்பட்டது.

அவர் பெயர் ஆபிரகாம் பராக் சலேம். 1882-ல் கொச்சியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். அவர் பிறந்த வகுப்பில் சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. அந்தப் பட்டத்தையும் பிறகு வக்கீல் பட்டத்தையும் அவர் வாங்கியது நம் சென்னைப் பட்டணத்தில்.

சலேம் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் பக்கத்து ஆட்கள் சேலத்துக்காரர் என்றுதான் நினைப்பார்கள். நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. எபிரேய மொழியில் சமாதானம், நிறைவு என்ற பொருள்களைத் தரும் வேர் ஒன்று உண்டு. அதிலிருந்து வந்த பெயர் இது. ஜெருசலேம் என்ற ஊர்ப் பெயரின் பின்பாதியில் ஒலிப்பதும் அதுவே. ஆனாலும் சலேம் சேலத்தைப் பார்க்காமல் பட்டணம் போயிருக்க முடியாது. சாமல்பட்டியையும் பார்த்திருப்பார்.

நான் இருக்கும் சாமல்பட்டி பெரிய ஊர் இல்லை. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையம். மாங்காய்க் காலத்தில் மாங்காய் லாரிகள் போகும். மற்ற நாட்களில் கருங்கல் லாரிகள் போகும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகாலையில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். கொச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற பெரிய வண்டிகள் எங்கள் ஊரில் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். சென்னையையும் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரையும் இணைத்து, 1862-ல் முழுமை பெற்ற பழைய பாதை இது. கொச்சி ராஜ்யத்துக்குள் ரயில் வந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்துத்தான். ஷொரனூரிலிருந்து எர்ணாகுளம் வரை 1902-ல் தண்டவாளம் போட்டார்கள். அதற்குப் பணம் போதாமல், அன்றைய மகாராஜா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று கொச்சியில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பாதை குறுகலான மீட்டர் கேஜ். ஆகவே பட்டணம் போகிறவன் ஷொரனூரில் இறங்கி வண்டி மாற வேண்டும். பிறகு பாலக்காடு, ஈரோடு, சேலம், மொரப்பூர், சாமல்பட்டி, ஜோலார்பேட்டை என்று பயணம் நீளும்.

அந்த வண்டியில் வந்த வாலிபன் எதை விட்டுவிட்டு வந்தான் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மலையாளக் கரையில் யூதர்களின் குடியேற்றம் மிகப் பழையது. சுமார் கி.பி. 1000-ல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்று கொடுத்தான். அது வட்டெழுத்தில் எழுதப்பட்டது. அதன் மொழியோ தமிழும் மலையாளமும் இன்னும் கைகோத்து நடந்துகொண்டிருந்த காலத்து மொழி. நம் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் கூட்டத்தின் உரிமையோடு எழுபத்திரண்டு சிறப்புகளை அரசன் அந்த மனிதருக்கு அளித்தான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு, பறை, ஊதுகொம்பு, தோரணம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒரு பிரபுவுக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் கடல் கடந்து வந்தவருக்குக் கிடைத்தன. உலகத்தில் யூதர்கள் துரத்தப்பட்ட நாடுகளின் பட்டியல் நீளமானது. துரத்தாத நாடுகளின் பட்டியல் குட்டையானது. அந்தக் குட்டைப் பட்டியலில் நம் நாடு இருக்கிறது. இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு 1492-ல் ஸ்பெயின் தேசம் தன் யூதர்களை வெளியேற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் போர்ச்சுக்கலும் அதையே செய்தது. அப்படிச் சிதறியவர்களில் சில குடும்பங்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. ஊரார் அவர்களைப் 'பரதேசி' யூதர் என்றார்கள். பரதேசி என்றால் அங்கே வெளிநாட்டுக்காரர் என்று அர்த்தம். நாம் சொல்லும் பிச்சைக்காரப் பரதேசி இல்லை. மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி ராஜா இடம் கொடுக்க, 1568-ல் அவர்கள் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. தரையில் சீனத்திலிருந்து வந்த நீல வர்ண ஓடுகள்; மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள்; வெளியே 1760-ல் எழுந்த மணிக்கூண்டு.

பரதேசி யூதர்கள் வெளுத்த நிறத்தவர்கள். முன்பே இருந்த மலபார் யூதர்கள் நம்மைப் போன்ற நிறத்தவர்கள். நிறத்தைச் சொல்லியும் வம்சத்தைச் சொல்லியும் இரு பிரிவும் கலக்காமல் இருந்தன. மலபார் யூதர்களுக்கு மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் மொத்தம் ஏழு ஜெப ஆலயங்கள் இருந்தன. இந்த இரண்டு பிரிவும் போதாதென்று மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. அதற்கு 'மெஷுஹ்ராரிம்' என்று பெயர்; விடுதலை பெற்றவர்கள் என்று பொருள். ஒரு காலத்தில் யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து, மதம் தழுவி, விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியாரும் அதில் அடங்குவார்கள். அவர்கள் பரதேசி ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் அங்கே உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்திலோ தரையிலோதான் உட்கார வேண்டும். வேதச் சுருளை வாசிக்க அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். பரதேசிக் குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் முடியாது. செத்த பிறகும் இடுகாட்டில் தனி இடம்தான்.

விடுதலை பெற்றவர்கள் என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயராலேயே கட்டிப்போட்டார்கள். பெயர் வைப்பதில் மனிதனுக்கு இருக்கும் சாமர்த்தியம் அப்படி.

அவர்களுடைய சாஸ்திரம் இதற்கு இடம் கொடுத்ததா என்றால், அதுவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொச்சியிலிருந்து இந்த வழக்கு கெய்ரோவில் இருந்த டேவிட் இப்னு ஸிம்ரா என்ற பெரிய சட்ட அறிஞரிடம் போயிற்று. முறைப்படி மதம் ஏற்றவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே, கல்யாண சம்பந்தமும் செய்துகொள்ளலாம் என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். பதில் வந்தது, நடைமுறை மாறவில்லை. அப்புறம் நானூறு வருஷம் ஓடியது. சாஸ்திரத்தின் பேரைச் சொல்லித்தான் வழக்கம் வளர்கிறது. ஆனால் சாஸ்திரமே எதிர்த்துப் பேசினால் வழக்கம் காதைப் பொத்திக்கொள்கிறது. இதை நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இப்படி முன்கூடத்தில் உட்கார வேண்டிய ஒரு வீட்டுப் பிள்ளைதான் சலேம். எர்ணாகுளத்தில் பின்னாளில் மகாராஜா கல்லூரி என்று பெயர் பெற்ற கலாசாலையில் முதலில் படித்தார். மேற்கொண்டு பி.ஏ. படிக்கப் பட்டணம் வந்தார்.

பட்டம் வரையில் போகாமல் இடையிலேயே படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். கலாசாலை மனிதனுக்கு என்ன கொடுக்கிறது என்று பேச எனக்கு அதிகாரம் குறைவு. ஆனாலும் 1857-ல் ஏற்பட்ட சென்னை சர்வகலாசாலையைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதை லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து அமைத்தார்கள். லண்டன் சர்வகலாசாலையின் சிறப்பு, மாணவனிடம் 'நீ எந்த மதம்?' என்று கேட்காமல் பரீட்சை வைத்ததுதான். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அப்படி இருக்கவில்லை. நியூமா ஹார்டாக் என்ற யூத வாலிபன் 1869-ல் கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சையில் முதல்வனாகத் தேறினான். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் யூதன் அவன். முதல்வனாகத் தேறினவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கல்லூரிப் பதவி அவனுக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்தவப் பிரமாணம் ஒன்று குறுக்கே நின்றது. 1871-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டு அந்தப் பிரமாணத்தை நீக்கியது. அதே வருஷம் அந்த வாலிபன் காலமாகிவிட்டான். அவனுடைய தம்பி பிலிப் ஹார்டாக் பிற்காலத்தில் டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராக நம் தேசத்துக்கு வந்தார். இந்தியக் கல்வியைப் பற்றி 1929-ல் வெளிவந்த ஹார்டாக் கமிட்டி அறிக்கை அவருடையதுதான்.

ஆக, கேம்பிரிட்ஜ் கதவை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் சென்னைக் கதவு திறந்திருந்தது. வெள்ளைக்காரன் நமக்கு எல்லாவற்றையும் நல்ல மனத்தோடு கொடுத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. குமாஸ்தாக்களும் வக்கீல்களும் அவனுக்குத் தேவைப்பட்டார்கள். ஆனால் பரீட்சை மண்டபத்தில் பெஞ்சு பெஞ்சாகத்தான் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்று அங்கே ஆலயத்துக் கணக்குப் பார்க்கவில்லை. தரையில் உட்கார வேண்டியவர் என்று ஒரு சபை சொன்ன மனிதர், பட்டதாரி என்று இன்னொரு சபை சொல்லக் கேட்டார்.

பட்டணத்தில் அவருக்குத் தம் மதத்துச் சபை கிடைத்திருக்குமா? இதற்கு அந்த ஊரின் பழங்கதையைப் பார்க்க வேண்டும். சென்னைக்கும் யூதர்களுக்கும் உள்ள தொடர்பு கோட்டையின் ஆரம்ப காலத்தைச் சேர்ந்தது. லண்டனிலிருந்து வந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடலின் பவழத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டாவின் வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688-ல் சென்னை நகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். பார்த்தலோமியோ ரோட்ரிகஸ் அவர்களில் ஒருவர். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்று ஒன்று இன்றும் இருக்கிறதே, அந்தப் பெயரில் பவழ வியாபாரத்தின் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வணிகர்களில் ஜாக்ஸ் டி பாய்வா என்பவர் 1687-ல் இறந்தார். அவருடைய விதவை ஹிரோனிமா, அப்போது கவர்னராக இருந்த எலிஹு ஏலின் வீட்டுக்குப் போய் வாழ்ந்தாள். ஊர் வாய் அந்தக் காலத்திலும் சும்மா இருந்திருக்காது. அதே ஏல், சென்னையில் சம்பாதித்த செல்வத்தில் கொஞ்சத்தை 1718-ல் அமெரிக்காவில் ஒரு சிறு கலாசாலைக்கு அனுப்பினார். துணி மூட்டைகளும் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும் ராஜாவின் படமும் கப்பலில் போயின. கலாசாலை அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது. இன்றைய ஏல் சர்வகலாசாலை அதுதான். அதன் முத்திரையில் எபிரேய எழுத்துகள் பொறித்திருப்பார்கள். கிறிஸ்தவப் பாதிரிமார் எபிரேயம் படித்த மரபினால் வந்த எழுத்துகள் அவை. இருந்தாலும், பட்டணத்து யூத வணிகர்களின் தெருவை நினைத்துக்கொண்டு அந்த முத்திரையைப் பார்த்தால் சரித்திரம் எப்படியெல்லாம் வளைந்து போகிறது என்ற வியப்பு வராமல் இருக்காது.

பிரேசிலில் 1720-களில் வைரம் கண்டுபிடித்தார்கள். கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது. சென்னை யூத வணிகம் மெல்ல மெல்ல வற்றியது. சலேம் படிக்க வந்த காலத்தில் அந்தப் பழைய வைர வணிகச் சபை என்றோ கலைந்துபோயிருந்தது. பெத்த நாயக்கன் பேட்டையில் கல்லறைகள் மிஞ்சியிருந்தன. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட கற்கள் பின்னாளில் லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன; இப்போது அந்தச் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். எபிரேய மொழியில் இடுகாட்டுக்கு 'உயிர்களின் வீடு' என்று ஒரு பெயர் உண்டு. பட்டணத்தில் யூதருடைய வீடாக மிஞ்சியது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

எனக்கு ஒரு யோசனை வருகிறது. இதை யோசனையாகவே சொல்கிறேன். சலேம் இப்படி எண்ணினார் என்று நான் சாதிக்கவில்லை. கொச்சியில் சபை இருந்தது, அவருக்கு இடம் இல்லை. சென்னையில் இடம் இருந்தது, சபை இல்லை. படிக்கப் போன பிள்ளைக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். வேறு தேசங்களிலும் இதே தவிப்புத்தான். அமெரிக்காவில் 1922-ல் ஹார்வர்டின் தலைவர் யூத மாணவர்களின் தொகைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று யோசனை சொன்னார். அதற்கு அடுத்த வருஷம், 1923-ல், இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் யூத மாணவர்கள் கூடிச் சாப்பிடவும் பிரார்த்தனை செய்யவும் 'ஹில்லெல்' என்ற மனை தோன்றியது. பிறகு அது உலகமெங்கும் கிளை விட்டது. வீட்டை விட்டு வந்த பையன் வெள்ளிக்கிழமை மாலையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட ஓர் இடம்: அவ்வளவுதான் அதன் விஷயம். சலேமுக்கு அப்படி ஒரு மனை அமைத்துக்கொடுக்க யாரும் இல்லை.

பட்டங்களை வாங்கிய பிறகு அவர் முன் பல வழிகள் இருந்தன. பட்டணத்திலேயே தங்கி, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, முன்கூடத்தை மறந்துவிட்டிருக்கலாம். மலபார் யூதர்களின் ஏழு ஆலயங்களில் ஒன்றை நாடிப் போயிருக்கலாம். மதத்தையே உதறியிருக்கலாம், படித்தவர்கள் பலர் அதைத்தான் செய்தார்கள். சலேம் எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில் செய்தார். தம் முன்னோர்களை எந்த ஆலயம் தரையில் உட்கார வைத்ததோ, அந்த ஆலயத்திலேயே தமக்கு இடம் வேண்டும் என்று கேட்டார்.

இது லேசான காரியமில்லை. வெளியே எதிரி இருந்தால் போராடலாம். உள்ளே இருப்பவர்களோ அண்டை வீட்டார், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர்கள், சாவு வீட்டில் துணை நிற்கிறவர்கள். மட்டாஞ்சேரியின் யூதத் தெரு ஒரு பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மறு பக்கம் கேட்கிற அளவுள்ள தெரு. அங்கே விரோதம் பாராட்டிக்கொண்டு காலையும் மாலையும் முகத்தில் விழித்தாக வேண்டும்.

அவர் கையாண்ட முறை சத்தியாக்கிரகம். சில காலம் ஆலயத்தைப் பகிஷ்கரித்தார். வாதாடினார். சாஸ்திரம் தம் பக்கம் இருப்பதை எடுத்துக் காட்டினார். அவர் தனி மனிதராக ஏதோ புதுமை செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். காலமும் அவருக்குத் துணை இருந்தது. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் மூண்டது. நம் ஈரோட்டு ராமசாமிப் பெரியார் அங்கே போய்ச் சிறை புகுந்தார். 1936-ல் திருவாங்கூர் மகாராஜா கோயில்களைத் திறந்துவிட்டார். 1939-ல் மதுரை மீனாட்சி சந்நிதிக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துப் போனார். ஒரு ஜெப ஆலயத்தின் சிறு பெஞ்சுக்காகக் கொச்சியில் நடந்த வழக்கு இந்தப் பெரிய வழக்கின் ஒரு கிளைதான். மக்கள் அவரை 'யூத காந்தி' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அம்பேத்கருடைய வாழ்க்கையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தவருக்கு ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பார்ஸி விடுதியில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்து துரத்தினார்கள். பட்டம் என்பது கதவைத் தட்டும் கைக்குக் கொஞ்சம் பலம் கொடுக்கும். உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளை அது திறந்துவிடாது. சலேமுக்கு இது தெரிந்திருந்தது. ஆகவே தம் வழக்கைத் தம் தெருவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கொச்சி சட்டசபையில் 1925 முதல் 1931 வரையும், மறுபடி 1939 முதல் 1945 வரையும் அங்கத்தினராக இருந்தார். தொழிற்சங்கங்கள் தலையெடுத்த காலத்தில் அவற்றுக்குத் துணை நின்றார். 1929 டிசம்பரில் பூரண சுயராஜ்யம் வேண்டும் என்று தீர்மானம் செய்த லாகூர்க் காங்கிரஸில் கலந்துகொண்டார். ஆலயத்தில் சமத்துவம் கேட்டவர், தேசத்துக்குச் சுதந்திரம் கேட்டதில் ஆச்சரியம் என்ன?

பெஞ்சு அவருக்கு ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. முதலில் உட்கார இடம், பிறகு மெதுவாக மற்ற உரிமைகள் என்று வருஷக்கணக்கில், அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. 1930-களில் கொச்சியில் வந்து ஆராய்ந்த டேவிட் மாண்டல்பாம் என்ற அமெரிக்க மானிட இயல் அறிஞர், பழைய கட்டுப்பாடுகள் பல விழுந்துகொண்டிருப்பதைக் கண்டு எழுதினார். கடைசியாக விழுந்தது கல்யாணக் கட்டுப்பாடு. எந்த ஊரிலும் அதுதானே கடைசியில் விழும்! 1950-ல் சலேமின் மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கல்யாணம் நடந்தது பம்பாயில். தம்பதிகள் ஊர் திரும்பியபோது ஆலயத்தில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். காலம் அவர்களையும் பழக்கிவிட்டது.

அதே பிரிவில் பிறந்த ரூபி டேனியல் என்ற பெண்மணியையும் சொல்ல வேண்டும். 1912-ல் பிறந்தவர், இரண்டாவது உலக யுத்த காலத்தில் கடற்படையில் பணி புரிந்தவர். யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைச் சேர்த்து மொழிபெயர்த்தார். தம் நினைவுகளை 1995-ல் புத்தகமாக வெளியிட்டார். வக்கீல்கள் வாதாடி வாங்கிய உரிமையை, பாட்டி சொன்ன கதையாகவும் பாட்டாகவும் காப்பாற்றி வைத்தவர்கள் பெண்கள்தான்.

சலேம் 1930-களில் பாலஸ்தீனத்துக்குப் போய்வந்தார். யூதர்களின் தாயகம் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. இஸ்ரேல் நாடு பிறந்த 1948-ல் கொச்சி யூதர்கள் மொத்தம் சுமார் 2,500 பேர். அவர்கள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று சலேம் பாடுபட்டார். இஸ்ரேலுக்கே சென்று அவர்களுக்காகப் பேசினார். 1950-களின் மத்தியில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டுப் போனார்கள். சேந்தமங்கலத்திலும் மாளையிலும் பரவூரிலும் ஆலயங்கள் வெறிச்சோடின.

எல்லோரையும் அனுப்பி வைத்த மனிதர் தாம் போகவில்லை. கொச்சியிலேயே இருந்து 1967-ல் காலமானார். ஏன் போகவில்லை என்று பலர் கேட்டிருப்பார்கள். நாற்பது வருஷம் வாதாடி வாங்கிய பெஞ்சை விட்டுவிட்டு எங்கே போவது என்று நானே அவருக்காகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கொஞ்சம் உண்டு. எது எப்படியோ, மட்டாஞ்சேரியில் அந்த ஆலயத்தின் பக்கம் போகும் சாலைக்கு இன்று ஏ. பி. சலேம் சாலை என்று பெயர்.

எங்கள் தெருவில் ஒரு பையன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனிடம், "பட்டணம் பழகிடுச்சாப்பா?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சு சித்தப்பா. அங்க நான் மூணாம் வருஷத்துப் பையன். இங்க பஸ்ஸவிட்டு எறங்கினதும் இன்னார் மகன், இன்ன தெருன்னு ஆயிடறேன்" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா அங்க காய்ச்சல்ல படுத்தா கஞ்சி கொண்டாந்து குடுக்க ஆள் கிடையாது, சித்தப்பா" என்றான்.

பையன் சரித்திரம் படிக்கிறவன் இல்லை. ஏதோ இயந்திரப் படிப்புப் படிக்கிறான். ஆனாலும் நூறு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் வழியாகப் போன கொச்சி மாணவருடைய வழக்கின் இரண்டு பக்கத்தையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். ஊர் என்றால் கஞ்சியும் வரும், கேள்வியும் வரும். கேள்வி பிடிக்கவில்லை என்று ஊரையே விட்டவர்கள் நம்மில் ஏராளம். ஓசூரில் வேலைக்குப் போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இந்தக் காரணத்தைத்தான் முணுமுணுப்பாகச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் திரும்பி வந்து, 'கஞ்சியும் வேண்டும், அந்தக் கேள்வியும் ஒழிய வேண்டும்' என்று வாசலில் நின்று கேட்கிற ஒருவர் இருந்தால்தான் பிறகு வருகிற பையன்களுக்கு ஊர் என்று ஒன்று மிஞ்சும்.

மட்டாஞ்சேரி ஆலயத்தில் இன்று யார் எங்கே உட்காரலாம் என்ற தகராறு இல்லை. உட்கார ஆள் இல்லை. உள்ளூர் யூதர்களைக் கொண்டு மட்டும் அந்தப் பத்துப் பேர் சேர்வதில்லை; வெளிநாட்டிலிருந்து பிரயாணமாக வருகிறவர்கள் இருந்தால்தான் தொகை நிறையும். சீன ஓடுகளைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். பெஞ்சுகள் வரிசையாகக் காலியாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்காரக் கூடாது என்று ஒரு சபை தன் பிள்ளைகளையே தடுத்தது. வாசலிலும் தரையிலும் உட்கார்ந்திருந்தவர்களை அப்போதே உள்ளே அழைத்திருந்தால், சேர்ந்து உட்கார்ந்து பிரார்த்தித்த நாட்களாவது இன்னும் நாலு தலைமுறைக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.